அவர்கள் செய்தால் குற்றம், நாம் செய்தால் நியாயமா? – கேள்வி பதில்

கட்சிச் சார்புள்ள அரசியல் விமர்சனத்தில் காணப்படும் இரட்டை வேடம் பற்றியும், தன் குற்றத்தை எதிரியின் தலையில் கட்டும் பழக்கம் பற்றியும் வந்த கேள்விகளுக்கு அரசியல் உளவியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

இதழியல் மாணவி: ஐயா, இரட்டை வேடம், இரட்டை அளவுகோல், தன் குற்றத்தைப் பிறர்மேல் சுமத்துதல் ஆகிய மூன்றையும் விமர்சகர்கள் ஒன்றாகவே பேசுகிறார்கள். மூன்றும் ஒன்றுதானா?

பதில்: இல்லை அம்மா. இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தானே அதை மீறுவது இரட்டை வேடம். ஒரே செயலுக்குத் தன் அணி என்றால் ஒரு தீர்ப்பு, எதிரணி என்றால் வேறு தீர்ப்பு வழங்குவது இரட்டை அளவுகோல். தன்னிடம் இருக்கும் குறையைத் தன்னிடம் காணச் சகிக்காமல், அது எதிரியிடம் இருப்பதாக நம்பிவிடுவது மூன்றாவது. சிக்மண்ட் பிராய்டு 1895-இலேயே தன் நண்பருக்கு அனுப்பிய ஒரு குறிப்பில் இதை விவரித்தார். அவருடைய மகள் ஆன்னா பிராய்டு 1936-இல் இதை மனத்தின் தற்காப்பு வழிகளுள் ஒன்றாக வகைப்படுத்தினார்.

முதல் இரண்டையும் ஆவணத்தைக் கொண்டு காட்டலாம். அன்று பேசியது இது, இன்று பேசுவது இது என்று தேதியோடு எடுத்து வைத்தால் போதும். மூன்றாவது, ஒருவருடைய மனத்துக்குள் நடப்பதைப் பற்றிய கூற்று. தொலைக்காட்சியில் பத்து நிமிடம் பேசிய ஒருவரின் உள்மனத்தை இன்னொரு விமர்சகர் எப்படிப் படித்தார்? ‘என்மேல் குற்றம் சொல்கிறாயா, அப்படியானால் அதைச் செய்தவன் நீதான்’ என்பது எந்தக் குற்றச்சாட்டுக்கும் பொருந்திவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் நிரூபிப்பதில்லை. அதனால் என் மாணவர்களிடம் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: இரட்டை அளவுகோலைச் சான்றோடு காட்டுங்கள், மனத்தைப் படிக்கும் வேலையை விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இவர்கள் தெரிந்தே இப்படிப் பேசுகிறார்களா, அல்லது உண்மையாகவே தெரியவில்லையா?

பதில்: தெரிந்தே பேசுபவர்கள் உண்டு. ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள், மனதார நம்பிப் பேசுபவர்கள்தாம்.

1951-இல் அமெரிக்காவில் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே முரட்டுத்தனமான கால்பந்தாட்டம் ஒன்று நடந்தது. அதன் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள் ஹாஸ்டார்ஃப், காண்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்களாக அக்கல்லூரி மாணவர்கள் குறித்ததைப்போல் இரு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தார்கள். இரு தரப்பும் பார்த்தது ஒரே படம். 1954-இல் வெளியான அந்த ஆய்வை இன்றும் வகுப்பில் முதல் பாடமாக வைக்கிறேன். சார்பு, தீர்ப்பு சொல்லும்போது மட்டும் நுழைவதில்லை, பார்க்கும்போதே நுழைந்துவிடுகிறது.

ஜெஃப்ரி கோஹன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அதைவிடக் கசப்பானது. ஏழைகளுக்கான நலத்திட்டம் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். சிலருக்குத் தாராளமான திட்டம், சிலருக்குக் கடுமையான திட்டம். ‘உங்கள் கட்சி இதை ஆதரிக்கிறது’ என்று சொன்னதும், தாராளவாதிகள் கடுமையான திட்டத்தை ஆதரித்தார்கள்; பழமைவாதிகள் தாராளமான திட்டத்தை ஆதரித்தார்கள். ஏன் ஆதரித்தீர்கள் என்று கேட்டால், திட்டத்தின் விவரங்களை எடைபோட்டுத்தான் முடிவு செய்தோம் என்றார்கள். மற்றவர்கள் கட்சியைப் பார்த்து முடிவெடுப்பார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குள் நடந்தது அவர்கள் கண்ணுக்கே படவில்லை.

வங்கி ஊழியர்: ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லாமல், இரு தரப்பையும் காட்டும் நல்ல உதாரணம் உண்டா?

பதில்: அமெரிக்க உச்ச நீதிமன்ற நியமனங்களைப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். ‘இது தேர்தல் ஆண்டு, மக்கள் முதலில் வாக்களிக்கட்டும்’ என்று சொல்லி, நீதிபதி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் மேலவையான செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி விசாரணைகூட நடத்த மறுத்தது. செனட் தன் அரசியலமைப்புக் கடமையைச் செய்தாக வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி முழங்கியது. 2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு எட்டு நாட்களுக்கு முன், அக்டோபர் 26 அன்று, எமி கோனி பாரெட்டின் நியமனத்தைக் குடியரசுக் கட்சி 52-48 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. இப்போது ‘மக்கள் முதலில் வாக்களிக்கட்டும்’ என்றது ஜனநாயகக் கட்சி.

2016-இல் அதிபரும் செனட்டும் வெவ்வேறு கட்சியினர், 2020-இல் ஒரே கட்சியினர் என்ற வேறுபாட்டைக் குடியரசுக் கட்சித் தலைவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நிலைமை வேறு என்பது உண்மைதான். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் உரக்க முழங்கிய ‘மக்களின் குரல்’ என்ற வாதம் பின்னுக்குப் போய், இந்த வேறுபாடு முன்னுக்கு வந்ததே, அதுதான் கவனிக்க வேண்டிய இடம். எதிர்த்தரப்பும் விரதம் இருக்கவில்லை. சிறுபான்மை தடுக்க முடியாதபடி நீதிபதி நியமன விதியை மாற்றப்போவதாகக் குடியரசுக் கட்சி 2005-இல் மிரட்டியபோது, செனட்டின் மரபையே அழிக்கிறார்கள் என்று ஜனநாயகக் கட்சி குமுறியது. 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்ற நியமனங்களுக்கு அதே மாற்றத்தை அக்கட்சியே கொண்டுவந்தது. அப்போது குமுறியது குடியரசுக் கட்சி. 2017 ஏப்ரலில் அது உச்ச நீதிமன்றத்துக்கும் அதை விரிவாக்கியது. இரு கட்சி விமர்சகர்களும் எதிரியின் பழைய வசனத்தைக் கடன் வாங்கிப் பேசினார்கள். வாங்கியது மட்டும் நினைவில்லை.

இல்லத்தரசி: ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பார்களே, அதுதானே இது? இதில் நமக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? தவறு செய்தவனைவிட உபதேசம் செய்துவிட்டுத் தவறு செய்தவன்மேல் கூடுதல் ஆத்திரம் ஏன்?

பதில்: அருமையான கேள்வி. 2017-இல் ஜில்லியன் ஜோர்டனும் அவருடைய சகாக்களும் இதையே ஆராய்ந்தார்கள். பிறரைக் கண்டிப்பவரைக் கேட்கும்போது, ‘இவர் இதைச் செய்ய மாட்டார்’ என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ‘நான் இதைச் செய்யமாட்டேன்’ என்று நேரடியாகச் சொல்வதைவிடவும் கண்டனம் நம்மிடம் அதிக நம்பிக்கையைப் பெறுகிறது. அந்த நம்பிக்கை திருட்டாகப் பெறப்பட்டது என்று தெரியும்போது ஆத்திரம் வருகிறது. ‘இது தவறு, நானும் சில நேரம் இதைச் செய்கிறேன்’ என்று ஒப்புக்கொண்டு கண்டிப்பவர்மேல் அந்த ஆத்திரம் வருவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். அரசியல் விமர்சகர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகினாலே பாதிப் பகை தணியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்ட மாணவர்: முந்திக்கொண்டு எதிரிமேல் பழிபோடுபவருக்கு உண்மையில் பலன் கிடைக்கிறதா, ஐயா?

பதில்: கிடைக்கிறது தம்பி. அதுதான் வேதனை. 2001-இல் ரக்கர், பிரட்கானிஸ் ஆகியோர் வெளியிட்ட சோதனைகளில், தான் செய்த தவற்றை அடுத்தவர்மேல் சுமத்தியவர்மீது பழி குறைந்தது; சுமத்தப்பட்டவர்மீது பழி கூடியது. சுமத்துபவரின் நோக்கத்தைப் பற்றிச் சந்தேகம் எழுப்பியபோதும், அவர்தான் குற்றவாளி என்பதற்குச் சான்று கொடுத்தபோதும் அந்த விளைவு மறையவில்லை.

இதன் மிகக் கொடூரமான வடிவம் ருவாண்டாவில் நடந்தது. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு, புட்டாரே பகுதியில் பிரசார உத்திகளை விளக்கும் தட்டச்சுக் குறிப்பு ஒன்று கிடைத்தது. மனித உரிமை ஆய்வாளர் அலிசன் டெ ஃபோர்ஜ் அதைப் பதிவு செய்திருக்கிறார். நாம் செய்ய நினைப்பதை எதிரி செய்யப்போகிறான் என்று குற்றம்சாட்டும் முறைக்கு அதில் ‘கண்ணாடிக் குற்றச்சாட்டு’ என்ற பொருளில் பெயரே சூட்டியிருந்தார்கள். சிறுபான்மைத் துட்சி இன மக்கள் உங்களைக் கொல்லப்போகிறார்கள் என்று வானொலியும் பத்திரிகையும் ஓயாமல் சொன்னதைக் கேட்ட பெரும்பான்மை ஹூட்டு இனத்தவர் பலர், கொலையைத் தற்காப்பு என்று எண்ணிக் கையில் ஆயுதம் எடுத்தார்கள். பல லட்சம் பேர் மாண்டார்கள். ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003-இல் மூன்று ஊடகக்காரர்களுக்குத் தண்டனை விதித்தது. இங்கே சுமத்தியவர்களின் உள்மனத்தை யாரும் ஊகிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதி வைத்த குறிப்பும் ஒலிபரப்புப் பதிவுகளும் இருந்தன.

பொறியாளர்: ‘நீ செய்ததை எதிரி செய்ததாகக் குற்றம்சாட்டு’ என்று நாஜி ஜெர்மனியின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் சொன்னதாக ஒரு மேற்கோள் அடிக்கடி வருகிறதே?

பதில்: அப்படி அவர் அறிவுரை சொன்னதற்கு ஆதாரம் இல்லை. 1934-இல் நியூரம்பர்க் உரையில் அவர் சொன்னது, முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எதிரிகள் இந்தத் தந்திரத்தைக் கையாண்டார்கள் என்ற புகார். அதாவது, அங்கேயும் அவர் எதிரியைத்தான் கைகாட்டினார். எல்லாக் கட்சியினரும் இந்தப் போலி மேற்கோளை எதிர்க்கட்சியை நோக்கி வீசுகிறார்கள்.

அரசு ஊழியர்: ‘நீங்கள் மட்டும் என்ன யோக்கியமா?’ என்ற பதில் எப்போதுமே தவறா?

பதில்: கேள்வியைத் தட்டிக்கழிக்கப் பயன்பட்டால் தவறு. குற்றம் சொன்னவர் அயோக்கியராகவே இருக்கட்டும், குற்றம் நடந்ததா இல்லையா என்பது அப்படியே நிற்கிறது. சோவியத் தரப்பு தன் அடக்குமுறையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘உங்கள் நாட்டில் கறுப்பின மக்களை அடித்துக் கொல்கிறீர்களே’ என்று பதில் சொல்லி வந்தது. அதனால் சோவியத் சிறை முகாமில் இருந்த ஒருவனுக்கும் விடுதலை கிடைக்கவில்லை.

ஆனால் இங்கே நிறுத்திவிடக் கூடாது. எதிரி திருப்பிச் சொன்னதும் உண்மைதான். பள்ளிகளில் இனப் பாகுபாடு பற்றிய பிரவுன் வழக்கில், 1952 டிசம்பரில் அமெரிக்க அரசே உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில், இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்டுப் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது என்று ஒரு காரணமாகச் சொன்னது. 1954-இல் பாகுபாட்டுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. எதிரி கெட்ட எண்ணத்தோடு சொன்ன உண்மையையும் காதில் வாங்கிக்கொண்டால் பயன் உண்டு. இன்னொன்று: குற்றம் சொல்பவர் ஒரு விதியை எல்லோருக்கும் பொதுவானது என்று முன்வைக்கும்போது, ‘அப்படியானால் உங்களுக்கும்தானே?’ என்று கேட்பது முழுக்க நியாயமான வாதம்.

பத்திரிகை வாசகர்: இரு தரப்பும் திட்டினால் அந்த விமர்சகர் நடுநிலையாளர் என்கிறார்களே?

பதில்: இரு தரப்பும் திட்டுவதற்கு அவர் மோசமாக எழுதுவதும் காரணமாக இருக்கலாம். 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே செய்தித் தொகுப்புகளை இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும் பார்த்தார்கள். இரு சாராருமே அது தங்களுக்கு எதிரானது என்றார்கள். 1985-இல் வெளியான ஆய்வு இது. திட்டு, கேட்பவரின் சார்பைக் காட்டுகிறதே தவிர, பேசுபவரின் நேர்மையை அளப்பதில்லை.

ஆய்வு மாணவி: ‘எல்லாக் கட்சியும் இப்படித்தான்’ என்று சொல்வதும் ஒரு வகை ஏமாற்றுதானே?

பதில்: ஆம், இதை நீங்கள் கேட்டதற்கு மகிழ்கிறேன். சார்பு எல்லா மனங்களிலும் வேலை செய்கிறது என்பது உண்மை. எல்லாத் தரப்பும் எல்லா விஷயத்திலும் சம அளவில் குற்றம் செய்திருக்கின்றன என்பது அதிலிருந்து வராது. ஒருவர் கணக்கில் ஒரு ரசீதை விட்டுவிட்டார், இன்னொருவர் கருவூலத்தையே காலி செய்தார் என்றால் இருவரையும் ‘ஊழல்வாதிகள்’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது பெரிய திருடனுக்குச் செய்யும் உதவி. நடுநிலை என்பது தீர்ப்பைப் பாதிபாதியாகப் பிரித்துக் கொடுப்பதல்ல. ஒரே அளவுகோலை வைத்து அளக்க வேண்டும். விடை ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்ததைச் சொல்லியாக வேண்டும். ருவாண்டாவைப் பற்றிப் பேசும்போது ‘இரு தரப்பிலும் தவறு’ என்று நான் முடித்திருந்தால் உங்களுக்கே என்மேல் வெறுப்பு வந்திருக்கும்.

இளம் எழுத்தாளர்: என் சார்பை நானே எப்படிச் சோதிப்பது? நடுநிலையாக இருக்க வேண்டும் என்று முயன்றுகொண்டுதான் இருக்கிறேன்.

பதில்: அந்த முயற்சி மட்டும் உதவாது. லார்ட், லெப்பர், பிரஸ்டன் 1984-இல் மரண தண்டனை பற்றிய ஆய்வுகளைக் கொடுத்துச் சோதித்தபோது, ‘நடுநிலையோடு படியுங்கள்’ என்று அறிவுறுத்தியதால் பலன் கிடைக்கவில்லை. ‘இதே ஆய்வு எதிர் முடிவைச் சொல்லியிருந்தால் இதை இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்றபோது சார்பு குறைந்தது. நீங்கள் எழுதிய கட்டுரையில் கட்சிப் பெயர்களை மாற்றிப் போட்டு உரக்கப் படியுங்கள். எந்த வரியில் நா தடுமாறுகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள்.

எதிரியின் நோக்கத்தைப் பற்றி எழுதும் வரிகளில் கூடுதல் கவனம் தேவை. தன் தரப்பை இயக்குவது அன்பு, எதிர்த்தரப்பை இயக்குவது வெறுப்பு என்று இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும், அமெரிக்காவின் இரு கட்சியினரும் ஒரே மாதிரி நம்புவதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சரியாகக் கணித்தால் பணம் உண்டு என்று சொன்னபோது அந்தச் சாய்வு குறைந்தது. அதாவது, முயன்றால் நம்மால் முடியும். முயல்வதற்குத்தான் நமக்குக் காரணம் இருப்பதில்லை.

விவாத நிகழ்ச்சி நெறியாளர்: இரு கட்சிப் பேச்சாளர்களும் மாறி மாறிப் பழிபோடும்போது நான் என்ன கேட்பது?

பதில்: ‘இதையே உங்கள் கட்சி செய்தால்?’ என்று கேட்காதீர்கள். ‘எங்கள் கட்சி செய்யாது’ என்று முடித்துவிடுவார்கள். அவர் முன்பு இதேபோன்ற நிகழ்வில் பேசியதை எடுத்து வைத்திருங்கள். தேதியோடு, ஒரு சொல்கூடச் சேர்க்காமல் படித்துக் காட்டுங்கள். இரண்டு நிகழ்வுகளுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் நேரம் கொடுங்கள். சில நேரம் உண்மையான வேறுபாடு இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மனம் மாறியிருந்தால் எப்போது, ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விதியை அவர் வாயாலேயே ஒரே வாக்கியத்தில் சொல்ல வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆட்சி மாறியதும் அவரையே மறுபடி அழைத்து, அந்த வாக்கியத்தை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.