ஷோர்ஹாம் 2015: வேலிக்கு வெளியே இருந்த சாலை

பழைய விமானங்கள் சாலைப் போக்குவரத்தின் மேல் விழுந்த விபத்துகள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். 24 வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் நான். இங்கிலாந்தின் ஷோர்ஹாம் விபத்து பற்றிய விசாரணை அறிக்கையை முழுதாகப் படித்திருக்கிறேன். அதனால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2015 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை மதியம். மேற்கு சசெக்ஸில் கடலோரமாக உள்ள ஷோர்ஹாம் விமான நிலையத்தில் வான்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஹாக்கர் ஹண்டர் டி7 என்ற 1950களின் போர் ஜெட் ஒன்று வானில் கரணம் (மேலே ஏறி, தலைகீழாகி, மறுபடி இறங்கும் பெரிய வட்டம்) அடித்து இறங்கும்போது, மேலே எழும்பப் போதிய உயரம் இல்லாமல் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்து தீப்பிடித்தது. 11 பேர் இறந்தார்கள், எல்லோரும் ஆண்கள். விமானி பலத்த காயத்தோடு பிழைத்தார். நிலையத்துக்குள் காட்சி பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருகிறேன்.

கேள்வி: நான் ஏரோநாட்டிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி. அந்தக் கரணத்தில் எந்த இடத்தில் தவறு நடந்தது?

கரணத்தின் கணக்கு அடியிலேயே தொடங்கிவிடுகிறதம்மா. கீழே இருக்கும் வேகம்தான் மேலே உயரமாக மாறும். அடியில் வேகம் குறைந்தால் உச்சி தாழும். உச்சி தாழ்ந்தால் இறங்கி வர இடம் போதாது.

ஹண்டர் இந்தக் கரணத்தை அடிக்க, தொடக்கத்தில் குறைந்தது 350 நாட் வேகம் வேண்டும் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.). அன்று இருந்தது சுமார் 310. ஏறும்போது எஞ்சினிலிருந்து முழு உந்துவிசையும் எடுக்கப்படவில்லை. உச்சியில் 3,500 அடியாவது இருக்க வேண்டும், விமானம் எட்டியது சுமார் 2,700 அடி. அந்த இடத்தில் குறைந்தது 150 நாட் வேகம் வேண்டியிருக்க, 105தான் இருந்தது.

அதாவது உச்சியில் தலைகீழாக இருக்கும் அந்த நேரத்தில், உயரமானி, வேகமானி இரண்டுமே 'இதைத் தொடராதே' என்றுதான் காட்டியிருக்க வேண்டும். ஆனால் விமானம் கரணத்தைத் தொடர்ந்து முடிக்கவே கீழே வந்தது. அதே விமானி ஜெட் ப்ரவோஸ்ட் என்ற வேறு ஜெட்டிலும் காட்சி நடத்துபவர். அது மெதுவான விமானம், அதற்குத் தேவைப்படும் உயரமும் குறைவு. இரண்டின் எண்களும் அந்த நொடியில் அவர் மனதில் மாறிப்போயிருக்கலாம் என்ற சாத்தியத்தை அறிக்கை எடுத்துப் பேசுகிறது. அதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை.

கேள்வி: உச்சிக்குப் போன பிறகு தப்பிக்க வழியே இல்லையா?

இருந்தது. விசாரணையில் இன்னொரு ஹண்டரைச் சோதனை விமானி ஒருவரிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். உச்சியைத் தாண்டி நான்கு நொடி வரைக்கும்கூட விமானத்தை உருட்டி நிமிர்த்திக்கொண்டு பறந்து போயிருக்க முடியும் என்று தெரிந்தது. ஆனால் இந்த விமானிக்கு, ஹண்டரில் இந்தக் கரணத்திலிருந்து பாதியில் விலகுவது எப்படி என்ற முறையான பயிற்சி தரப்படவில்லை. அதில் அவருடைய திறமையை யாரும் சோதித்ததும் இல்லை. எனக்கு அறிக்கையிலேயே மிகவும் உறுத்திய இடம் இதுதான். கரணம் அடிக்கத் தெரிகிறதா என்று பார்த்து அனுமதி கொடுத்தவர்கள், பாதியில் விடத் தெரிகிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, இதுவே டைகர் மாத் மாதிரி இரட்டைச் சிறகு விமானமாக இருந்திருந்தால் இவ்வளவு சாவு இருக்குமா?

இவ்வளவு இருந்திருக்காது தம்பி. டைகர் மாத் 1931இல் முதலில் பறந்தது. மரம், எஃகுக் குழாய், துணி, கம்பி இவற்றால் ஆனது, எஞ்சின் 130 குதிரைத்திறன். முழு எடையோடு சேர்த்தே 830 கிலோதான், ஒரு சின்னக் கார் அளவு. ஹண்டர் ஏழெட்டு டன். மோதலின் ஆற்றல் எடைக்கு நேராகவும் வேகத்தின் இருமடிக்கு நேராகவும் கூடும். எடை பத்து மடங்கு, கரணம் தொடங்கிய வேகம் டைகர் மாத் சாதாரணமாகப் பறக்கும் வேகத்தைப் போல நான்கு மடங்கு என்று வைத்தால், ஆற்றல் நூற்றைம்பது மடங்குக்கு மேல் போகிறது. எரிபொருள் வேறு.

ஆனால் இரட்டைச் சிறகு விமானங்களுக்கும் ஆபத்துகள் உண்டு. டைகர் மாத்தில் பெட்ரோல் டாங்கி மேல் இறக்கையின் நடுவில், விமானியின் தலைக்கு மேலே முன்புறம் இருக்கும். பம்பு கிடையாது, தானாக இறங்கும். கவிழ்ந்தாலோ மரத்தில் மோதினாலோ அதுதான் பயம். பெரும்பாலானவற்றில் பிரேக்கும் இல்லை. வால் தரையில் ஊன்றி இருக்கும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பதால், பின் இருக்கையில் உள்ள விமானிக்கு நேர் எதிரே எதுவும் தெரியாது. அவசரத்துக்கு ஒரு சாலையில் இறக்கினால், எதிரே வரும் லாரியைப் பார்க்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. வயல் இருந்தால் வயலில்தான் இறக்க வேண்டும்.

கேள்வி: சாலைக்கு இத்தனை பக்கத்தில் கரணம் அடிக்க எப்படி விட்டார்கள்?

இதைக் கேட்டதற்கு நன்றி. மேலே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

1952இல் ஃபார்ன்பரோ வான்காட்சியில் டிஹெச் 110 என்ற விமானம் வானிலேயே பிளந்து, அதன் எஞ்சின் கூட்டத்துக்குள் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். அதிலிருந்து பிரிட்டனின் விதிகள் எல்லாம் கூட்டத்தைக் காப்பதையே நோக்கமாகக் கொண்டு வளர்ந்தன: கூட்டத்துக்கு இவ்வளவு தூரம் தள்ளிப் பறக்க வேண்டும், கூட்டத்தை நோக்கித் திரும்பக் கூடாது என்று. அவை நன்றாகவே வேலை செய்தன. 1952க்கும் 2015க்கும் இடையில் அங்கே எந்த வான்காட்சியிலும் தரையில் நின்று பார்த்த கூட்டத்தில் யாரும் சாகவில்லை. 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் 70 பேரும், 2002இல் உக்ரைனின் லிவிவில் 77 பேரும் இறந்ததோடு ஒப்பிட்டால் அது பெரிய சாதனைதான்.

ஆனால் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் பறக்கச் சொன்னால் விமானம் வேறு எதன் மேலாவது பறந்துதானே ஆக வேண்டும்? ஷோர்ஹாமில் நிலையத்தின் வடக்கு ஓரத்தை ஒட்டியே ஏ27 போகிறது. நான்கு வழிச் சாலை, சிக்னல் உள்ள ஒரு சந்திப்பு, விடுமுறைக்கால சனிக்கிழமை நெரிசல். உள்ளே இருந்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஓரளவு ஆபத்து தெரிந்து வந்தவர்கள். சாலையில் போனவர்களில் பலருக்கு அன்று வான்காட்சி என்பதே ஒரு பொருட்டில்லை. ஒரு மணப்பெண்ணை அழைத்துவரக் கார் ஓட்டிப் போனவர் ஒருவர். கால்பந்து ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள். மோட்டார் சைக்கிளில் போனவர். இவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2007இல் இதே ஷோர்ஹாம் வான்காட்சியில் ஹரிக்கேன் என்ற இரண்டாம் உலகப்போர்க்காலப் போர் விமானம் ஒன்று வடக்கே மலைச்சரிவில் விழுந்து அதன் விமானி இறந்தார். அதாவது வேலிக்கு வெளியே, அதே வடக்குப் பக்கம். அந்தப் பக்கத்தை அப்போதே ஊன்றிப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. விமானியின் பிழை உண்மை. அந்தப் பிழை நேர்ந்தால் விமானம் எங்கே விழும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டியது ஏற்பாடு செய்தவர்களும் அனுமதி தந்தவர்களும்.

கேள்வி: விமானியை விடுதலை செய்துவிட்டார்கள், பிறகு 'சட்டவிரோதக் கொலை' என்றார்களாமே? எது சரி?

இரண்டும் வெவ்வேறு விசாரணை, ஐயா. 2019 மார்ச்சில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் முடிந்தது குற்றவியல் வழக்கு. கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக 11 குற்றச்சாட்டுகள். ஜி விசையால் (விமானம் வேகமாக வளையும்போது உடலை அழுத்தும் விசை) அவருடைய சிந்தனை மங்கியிருக்கலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தாக வேண்டிய வழக்கு அது, ஜூரி குற்றமில்லை என்றது.

2022 டிசம்பரில் முடிந்தது மரண விசாரணை, யாரையும் தண்டிக்காமல், எப்படி இறந்தார்கள் என்று கண்டறிவதற்கானது. 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அங்கே 'பெரும்பாலும் இப்படித்தான்' என்ற அளவு போதும். அந்த அளவுகோலில் மரண விசாரணை அதிகாரி, 11 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று முடிவு சொன்னார். அதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. ஏழு வருடம் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வார்த்தைகள் தேவைப்பட்டன, அதை நான் மதிக்கிறேன்.

கேள்வி: கறுப்புப் பெட்டி இருந்ததா?

இல்லை. இந்த வகை விமானத்துக்குக் கட்டாயமும் இல்லை. காக்பிட்டில் பொருத்தியிருந்த சிறிய கேமராவும் மக்கள் எடுத்த படங்களும்தான் உதவின. அந்தக் கேமராப் பதிவைப் போலீஸிடம் தரலாமா என்பதற்கே 2016இல் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கேள்வி: நானும் மெயின்டனன்ஸில்தான் இருக்கிறேன். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லையா?

விபத்துக்குக் காரணமான கோளாறு எதுவும் இல்லை. ஆனால் நம் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவசர வெளியேற்ற இருக்கையின் வெடி தோட்டாக்கள் காலாவதி ஆகியிருந்தன. அவை விபத்தை உண்டாக்கவில்லை. ஆனால் வெடிக்காத தோட்டாவோடு கிடக்கும் இருக்கை, காப்பாற்ற ஓடிவரும் தீயணைப்புக்காரர்களுக்குப் பெரிய ஆபத்து. பழைய விமானம்தானே என்று தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இப்போது விதிகள் மாறியிருக்கின்றனவா? நான் லாரி ஓட்டுகிறேன், இந்த மாதிரிக் காட்சி நடக்கும் இடத்தைத் தாண்டும்போது என்ன செய்வது?

விபத்து நடந்ததும் 2015இல் பிரிட்டனில், பழைய போர் ஜெட்கள் நிலத்தின் மேல் கரணம் அடிக்கக் கூடாது, நேராகப் பறந்து காட்டலாம், அவ்வளவுதான் என்று கட்டுப்பாடு போட்டார்கள். இடைவெளித் தூரங்களையும் கூட்டினார்கள். ஷோர்ஹாமில் அதன் பிறகு வான்காட்சி நடக்கவே இல்லை.

உங்களுக்குச் சொல்வது: எந்த நாடாக இருந்தாலும் விமான நிலைய ஓரத்துச் சாலையில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டாம். ஷோர்ஹாமில் சந்திப்பின் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இறந்தவர்களில் உண்டு. முடிந்தால் அன்றைக்கு வேறு வழியில் போய்விடுங்கள்.

கேள்வி: நான் பிரைட்டனில் படிக்க வந்திருக்கிறேன். அங்கே நினைவிடம் ஏதாவது இருக்கிறதா அண்ணா?

இருக்கிறது தம்பி. ஷோர்ஹாமில் அடூர் ஆற்றின் மேல் பழைய மரப்பாலம் ஒன்று உண்டு, முன்பு சுங்கம் வசூலித்த பாலம். விபத்துக்குப் பிறகு அதன் கைப்பிடி முழுக்க மக்கள் பூ வைத்தார்கள். இப்போது பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் 11 வளைவுகள் நிற்கின்றன, ஆளுக்கு ஒன்றாக. ஷோர்ஹாம் ரயில் நிலையத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தே போய்விடலாம். போனால் எனக்காகவும் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.