தராசில் போன இரண்டு கிலோ
சட்டத்தரணி அக்கா பதில்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்து டிவிஷனில் நூறு பேர் தேயிலைக் கொழுந்து எடுக்கிறோம். தராசடியில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று ஆளுக்கு நாளும் இரண்டு கிலோ கழிக்கிறார்கள். வெயில் நாளிலும் ஈரக்கழிவு! அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஒரே வழக்காகப் போட்டு கம்பனிகளைக் கட்ட வைக்கிறார்களாமே, நாங்களும் போடலாமா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: இரண்டு கிலோவுக்காக யாரும் கோட்டுக்குப் போகமாட்டார்கள், தங்கச்சி. ஹட்டனுக்கு வந்து போகிற பஸ் காசு போதாது, அன்றைய பேரும், அதாவது நாட்கூலியும், போய்விடும். கழிக்கிறவருக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால் நூறு பேரின் இரண்டு கிலோ நாளைக்கு 200 கிலோ. மாதம் 25 நாள் என்றால் 5,000 கிலோ. நாலரை, ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தாலும், கூலி கொடுக்காத கொழுந்தில் மாதம் ஆயிரம் கிலோ தேயிலை. உங்கள் மலையில் ஒரு முழுப் பேருக்கு 18 கிலோ என்றால் இன்னும் மோசம்: 18 எடுத்தவளுக்குத் தராசில் 16 விழுந்தால் அரைப்பேர்தான்.

கூட்டு வழக்கின் பலமே இந்தக் கணக்குத்தான். தனித்தனியே வழக்குப் போடும் அளவுக்குப் பெறுமதியில்லாத தொகைகளை ஒன்றாகக் கட்டிக்கொண்டு போய் நிறுத்துவது. அமெரிக்காவில் நான்கைந்து பேர் வழக்காளிகளாக நின்றால் போதும். அதே பாதிப்புள்ள மற்றவர்கள், ‘எனக்கு வேண்டாம்’ என்று விலகாத வரை, உள்ளே இருப்பதாகவே கணக்கு. வொக்ஸ்வாகன் டீசல் கார்கள் புகைப் பரிசோதனையை ஏமாற்றியது 2015 இல் அம்பலமானது. அடுத்த வருடமே கார்க்காரர்களின் கூட்டு வழக்கும் அரசின் வழக்கும் சேர்ந்து 1,470 கோடி டொலர் வரையிலான இணக்கத்தில் முடிந்தன. காசைவிடப் பெரியது ஒன்று உண்டு. வழக்கு வந்தால் கம்பனி தன் கடிதங்களையும் கணக்குகளையும் திறந்து காட்ட வேண்டும். (எல்லாமே வெற்றி என்று நினைக்காதீர்கள். சில வழக்குகளில் சனத்துக்குக் கிடைப்பது ஒரு தள்ளுபடிக் கூப்பன், பெருந்தொகை போவது சட்டத்தரணிகளுக்கு. எங்கள் ஆட்கள்தான், வேறு யார்?)

நம் நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவின்படி, ஒரே அக்கறையுள்ள பலருக்காக ஓரிருவர் நீதிமன்ற அனுமதியோடு வழக்காடலாம். மற்றவர்களுக்கு நேரிலோ பத்திரிகையிலோ அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொருத்திக்கும் எத்தனை கிலோ போனது என்று வரும்போது அந்த ‘ஒரே அக்கறை’யை எதிர்த்தரப்பு பிரித்து மேயும்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது வழக்கல்ல, கொப்பி. திகதி, வெயிலா மழையா, தராசு காட்டியது, கணக்கில் விழுந்தது என்று பத்துப் பேர் ஒரு மாதம் எழுதுங்கள். எதிர்த்தரப்பு சட்டத்தரணிக்கு நூறு கையெழுத்துப் பெட்டிசத்தைவிட பத்துக் கொப்பிதான் தலைவலி. தராசில் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா, எந்த வருடத்தது என்றும் பாருங்கள். பிறகு தொழிற்சங்கத்தோடு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். சங்கம் மசியாவிட்டால் சங்கம் இல்லாமலே போங்கள். சந்தா கட்டினால்தான் முறைப்பாடு எடுப்பார்கள் என்று ஒரு சட்டமும் இல்லை.

கேள்வி: கென்யா தேயிலைத் தொழிலாளர்கள் ஸ்கொட்லாந்தில் வழக்குப் போட்டார்களாமே, வென்றார்களா?
- ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை, நோர்வூட்

பதில்: ஐயா, 2023 முடியும் வரை கையில் காசு வரவில்லை. ஜேம்ஸ் பின்லே கென்யா என்ற தேயிலைத் தோட்டக் கம்பனி பதிவானது ஸ்கொட்லாந்தில். கூடை சுமந்து, குனிந்து நிமிர்ந்து முதுகு போய்விட்டது என்று கென்யாவின் கெரிச்சோப் பகுதித் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எடின்பரோவில் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2020 இல் அங்கே வந்த குழு வழக்கு விதிகளே அதற்கு வழி. அமெரிக்கா மாதிரியல்ல, பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே உள்ளே. 2023 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிபதிகள், முதலில் கென்யாவின் தொழிற்காயச் சட்டத்தின்கீழ் பாருங்கள் என்று வழக்கை நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் கொழுந்து எடுப்பவளின் முதுகுவலி வயதுக் கோளாறு அல்ல, தொழிலில் வந்த காயம் என்ற வாதம் அவ்வளவு பெரிய கோட்டு வரை போயிருக்கிறது. நம் டிஸ்பென்சரிகளில் இன்றைக்கும் இரண்டு பனடோல்தான்.

கேள்வி: பக்டரிக் கழிவு எங்கள் பீலித் தண்ணீரில் கலக்கிறது. எல்லோரும் கட்டாயம் கையெழுத்துப் போட வேண்டுமா?
- வாசகர், பதுளை

பதில்: தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் ஒரு சூழல் செயற்பாட்டாளர். 2019 ஏப்ரலில், அந்த மின்நிலையத்தை நடத்திய நோர்தேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது; காசு கிணற்றுக்காரர்களுக்கு. அது அடிப்படை உரிமை மனு. கம்பனியை மட்டும் எதிராளியாக்கிப் போட முடியாது, கவனிக்கத் தவறிய அரச அதிகாரிகளையும் சேர்க்க வேண்டும். மனுப் போடத் தவணை ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் நீங்கள் எழுதிய கடிதங்களின் பிரதியைத் திகதியோடு வைத்திருங்கள், பதிவுத் தபால் துண்டையும்.