இரண்டு வேளை சாம்பார் சாப்பிட்டும் புரதம் ஏன் போதவில்லை?

சாம்பாரை நம்ப வேண்டாம், தினமும் ஒரு வேளை சுண்டலும் கொஞ்சம் மீல்மேக்கரும் சேர்த்தாலே கணக்கு சரியாகிவிடும். உங்கள் 60 கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும்.

பால், தயிரை நிறுத்திவிட்டு "இரண்டு வேளையும் பருப்புதானே சாப்பிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீரும் காயும்தான் அதிகம். நாளைக்குக் குக்கரில் போடும் துவரம்பருப்பை எடை போட்டு, சாப்பிடும் ஆட்களால் வகுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கு 20 கிராம்கூடத் தேறவில்லை. அதில் கிடைப்பது 4 கிராம் புரதம், அவ்வளவுதான்!

சுண்டலுக்கு ஊறவைக்கும் முன் 50 கிராம் கொண்டைக்கடலை என்றால் சுமார் 10 கிராம் புரதம். காய்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் 15 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். நாள் முழுக்கச் சாப்பிடும் சோறு, இட்லியிலிருந்தும் 15 கிராமாவது வரும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை (புரதத்தின் ஒரு கூறு) பருப்பு வகைகள் ஈடுகட்டிவிடும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பதில்லை.

வயிறு உப்பினால் மீல்மேக்கரைப் பாதியாகக் குறைத்து, மெல்லக் கூட்டுங்கள்.

சிறுநீரகக் கோளாறோ, இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அதிகமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். அப்புறம், பாலையும் விட்டுவிட்டதால் பி12 மாத்திரை பற்றியும் அவரிடமே கேட்டுவிடுங்கள், அது பருப்பில் கிடைக்காது.