கல் வலிக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்காதீர்கள்

சிறுநீரகக் கல் வலி இரவில் வந்தால் வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை செய்ததெல்லாம் தவறு.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிறோம்; வெயிலில் நின்றாலும் அளந்துதான் குடிப்போம். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி அடிவயிறு வரை இறங்கியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. "குடியுங்கள் மாப்பிள்ளை, கல் உருண்டு வந்துவிடும்" என்று மச்சான் சொம்பு சொம்பாக ஊற்றிக் கொடுத்தார். அத்தனையும் வாந்தியாக வந்தது. வலி ஏறியதுதான் மிச்சம். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயைக் கல் அடைத்திருக்கும்போது மேலும் தண்ணீரை ஏற்றினால் கல் நகராது. வலி நேரத்தில் தாகத்துக்குக் குடித்தால் போதும்.

இரண்டாம் முறை, மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று, இடுப்பில் வெந்நீர் ஒத்தடம். முக்கால் மணி நேரத்தில் மூச்சு விட முடிந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த மாத்திரை ஆகாது. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. சிறுநீர் வராவிட்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும், ஒற்றைச் சிறுநீரகக்காரர் என்றாலும் அப்படித்தான். கடலோரத்திலிருந்து ராமநாதபுரம் போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். முதல் தடவை வலி என்றால் கல்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வலப்பக்க வலி குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம்.

வாழைத்தண்டுச் சாறு? அம்மா இன்றும் தருகிறார், குடிக்கிறேன். அது கல்லைக் கரைக்கும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போட மாட்டேன்.

5 மி.மீ.க்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறும். என்னுடையது 4. தேநீர் வடிகட்டியில் பிடித்தேன், சின்ன மிளகு போல, முள்முள்ளாக. (வீட்டில் புது வடிகட்டி வாங்க வேண்டியதாயிற்று.) பரிசோதனையில் கால்சியம் ஆக்சலேட் வகைக் கல் என்றார்கள். சிறுநீர் தெளிவாகப் போகும் அளவுக்கு, வலி இல்லாத நாட்களில் தினமும் இரண்டரை மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார் மருத்துவர். உப்பையும் கருவாட்டையும் குறை, பாலையும் தயிரையும் நிறுத்தாதே என்றார். அதுவரை நான் தயிரை நிறுத்திவிட்டுக் கருவாட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.