முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையில் உண்மையாகவே அறுக்கும் வாளும் சுத்தியலும் பயன்படுத்துகிறார்களா?

ஆம், பயன்படுத்துகிறார்கள். உங்கள் தாயாருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள் என்றும், ஓசை முழுவதும் அவருக்குக் கேட்குமே என்றும், 'இது வெறும் தச்சு வேலைதானா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓசை கேட்கும், ஆனால் அரைத் தூக்கத்துக்கு மருந்து தருமாறு மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

தச்சு வேலை என்ற சொல்லுக்குப் பலர் சினக்கக்கூடும், நான் சினக்கமாட்டேன். என் தகப்பனார் கொட்டாஞ்சேனையில் தச்சராக இருந்தவர். நான் கொழும்பில் இருபத்தாறு வருடங்கள் என்பு முறிவுத் தியேட்டரில், அதாவது சத்திரசிகிச்சைக் கூடத்தில், கருவி எடுத்துக்கொடுத்த தாதி. வைத்தியரல்லாதவளுக்கு என்ன தகுதி என்று கீழே எவரேனும் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சிகிச்சை தேவையா என்பதைப் பற்றி நான் பேசவில்லை, கருவிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

அப்பாவின் வாள் முன்னும் பின்னும் ஓடும். எங்கள் மின்வாளில் தட்டையான அலகு சில பாகை அளவுக்குள் இடமும் வலமுமாக அதிரும். எலும்பில் ஊசிகளால் பொருத்திய உலோக அச்சின் பிளவுக்குள் அலகை விட்டுத்தான் அறுப்பார்கள். தொடையெலும்பின் முனையிலிருந்து சீவப்படுவது பொதுவாக ஒரு சென்ரிமீற்றரை அண்டிய அளவே. தேய்ந்த கசியிழையம், அதாவது குருத்தெலும்பு, அந்தத் துண்டோடு சேர்ந்தே வந்துவிடும். அதைத் தனியாக வெட்டுவதற்கு வாளே தேவையில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியல்ல: விலா எலும்பு நுனியிலுள்ள கசியிழையம் இளமையில் வழுக்கைத் தேங்காயைப் போல் கத்திக்கு இசையும். வயது ஏற ஏறச் சுண்ணாம்புச் சத்துப் படிந்து சிரட்டையாகிவிடும்.

உளியிலும் வேறுபாடு உண்டு. அப்பாவின் உளிக்கு ஒரு பக்கம்தான் சரிவு, ஆகவே அது ஒரு புறமாக இழுக்கும். எங்களிடமுள்ள ஒஸ்டியோடோம் என்னும் எலும்பு உளிக்கு இருபுறமும் சரிவு இருப்பதால் அது நேராக இறங்கும். மின்சாரமே வேண்டாத கருவியும் உண்டு: இத்தாலிய மகப்பேற்று வைத்தியர் ஜிக்லி, தடைப்பட்ட பிரசவத்தில் இடுப்பெலும்பை அறுப்பதற்கென்று 1894இல் அறிமுகப்படுத்திய முறுக்குக் கம்பி வாளை, காலை அகற்றும் சிகிச்சைகளில் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

உண்மையான ஆபத்து வெப்பம்தான். எலும்பு உயிருள்ளது; 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிர்க்கலங்கள் சேதமடையத் தொடங்கும். அதனால்தான் அறுக்கும்போது சேலைன் என்னும் உப்புநீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் சேலைன் சிரிஞ்சு என் கையில் இருந்தது. நான் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஆயினும் மாட்டுக் கொம்பு கருகுவது போன்ற வாடை எழுந்தது, வெள்ளையாக வர வேண்டிய எலும்புத் தூள் பழுப்பாக வந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் வாளை நிறுத்தி, என்னைத் திட்டாமல், அலகைத் தூக்கி விளக்கில் பார்த்தார். ஒருமுறை மட்டும் பாவிக்க வேண்டிய அலகு அது. அதை அவித்து அவித்து எத்தனையாவது முறையாகத் தந்திருந்தார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. புதிய அலகு அடுத்த தியேட்டரிலிருந்து வரும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கொள்வனவுக் கோவைக்குக் கையொப்பம் வைக்கத் தாமதித்தவர்கள் எவருக்கும் அந்த வாடை எட்டியிருக்காது. அன்று இரவு வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "ஏன் பிள்ளை, வாளுக்கு அரம் போடேல்லையே?"

ஆகவே வாளைக் கண்டு அஞ்ச வேண்டாம். புதிய அலகுதானா என்று கேளுங்கள், அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. சுத்தியல் ஓசையைப் பற்றித் தாயாருக்கு இப்போதே சொல்லிவையுங்கள். முதலில் மந்தமாக ஒலிக்கும். செயற்கை மூட்டின் உலோகம் எலும்பில் ஆப்பைப் போல இறுகும்போது அதே தட்டு கணீரென்று மாறும். நிபுணரும் அந்த மாற்றத்துக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருப்பார்.