வேர்டையும் எக்செலையும் ஸ்கிரிப்டால் ஓட்டுவது: கேள்வி பதில்

கொக்குவில்: அண்ணை, ரியூசன் பிள்ளைகளின் காசு விவரம் எக்செலில் இருக்கு. ஒவ்வொருவருக்கும் வேர்டில் பற்றுச்சீட்டு அடிக்க ஸ்கிரிப்ட் எழுதவா?

வேண்டாம் தம்பி. வேர்டில் மெயில் மேர்ஜ் இருக்கிறது, அதற்கு எக்செல் பைலைக் காட்டினால் போதும்.

நெல்லியடி: பழைய கோயில் மலர்க் கட்டுரைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கு, இடையிடையே ஆங்கிலம். இணைய மாற்றிகளில் போட்டால் ஆங்கிலம் முழுக்கக் குழம்புது.

நல்ல கேள்வி. பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ், பைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். வெட்டி ஒட்டும்போது எழுத்துருத் தகவல் போய்விடுவதால் எது தமிழ் என்று மாற்றிக்குத் தெரிய வழியில்லை, ஆனால் வேர்டுக்குத் தெரியும், அதனால் அதையே வேலை வாங்குங்கள். பைதன் நிரல்மொழியில் பைவின்32 என்ற நூலகத்தை (ஆயத்தக் கோட் தொகுப்பை) போட்டு, காம் (விண்டோஸில் ஒரு செயலி இன்னொன்றை ஓட்டும் வழி) வழியாக வேர்டைத் திறந்து, பாமினி எழுத்துருவில் உள்ள துண்டுகளை மட்டும் தேடச் சொல்லி ஒவ்வொன்றாக யூனிகோடாக்குங்கள். தலைப்புப் பகுதி, அடிக்குறிப்பு, பெட்டிக்குள் இருக்கும் எழுத்து எல்லாம் தனித்தனியாகத் தேடப்பட வேண்டும், பலர் விட்டுவிடுவது அதைத்தான். மாற்றும் ஒழுங்கும் முக்கியம்: 'கொ' பாமினியில் கொம்பு (ெ), க, அரவு (ா) என்று மூன்று துண்டு, அதை முதலில் மாற்றாமல் 'கெ'யை மாற்றினால் அரவு அநாதையாக நிற்கும்.

ஸ்கிரிப்ட் இடையில் விழுந்தாலும் வேர்டை மூடும் கட்டளை ஓட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வேர்ட் டாஸ்க் மனேஜரில் இருந்துகொண்டு பைலைப் பூட்டி வைத்திருக்கும். அப்புறம், மூலப் பைலில் கை வைக்காதீர்கள், பிரதியில் ஓடவிடுங்கள்.

சுன்னாகம்: மின்னஞ்சலில் வந்த எக்செலில் மக்ரோ வேலை செய்யுதில்லை, சிவப்புப் பட்டை வருது.

2022 முதல் இணையத்தில் இருந்து வந்த பைல்களின் மக்ரோவை (பைலுக்குள்ளேயே இருக்கும் சிறு ஸ்கிரிப்டை) மைக்ரோசொப்ட் இயல்பாகவே தடுக்கிறது. அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தபின், பைலின் புரொப்பட்டீஸில் அன்பிளாக் என்பதைத் தெரிவு செய்யுங்கள். மக்ரோப் பாதுகாப்பை மொத்தமாக நிறுத்த வேண்டாம். 2000 மே மாதம் ஐ லவ் யூ வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது ஸ்கிரிப்டால் இன்னொரு செயலியை ஓட்டும் வசதியால்தான்: ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அவுட்லுக்கை அழைத்து, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் தன்னையே அனுப்பியது. நீங்கள் ஓடவிடும் ஸ்கிரிப்டால் நீங்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்ய முடியும்.

திருநெல்வேலி: அண்ணை, வேர்டைத் திறந்து ஓட்டுவதெல்லாம் பழைய முறை. பைதன்-டொக்ஸ் என்ற நூலகம் இருந்தால் பைலை நேரே வாசிக்கலாம், வேர்டே தேவையில்லை.

பழைய .டொக் பைலை அது திறக்காது தம்பி, கோயில் மலர்களில் பாதி அப்படித்தான் இருக்கும். எழுத்துரு ஸ்டைலில் இருந்து வந்திருந்தால் அந்தத் துண்டில் எழுத்துருப் பெயரே இல்லை என்று சொல்லும்.

திருநெல்வேலி: ஸ்டைலையும் தேடிப் பார்க்கக் கோட் எழுதலாமே?

எழுதலாம். ஸ்டைல், அதன் தாய் ஸ்டைல், தீம், இயல்புநிலை என்று ஏறிப்போய், வேர்ட் ஏற்கெனவே செய்து வைத்ததைத் திரும்ப எழுதுவீர்கள். எக்செலிலும் இதே கதை: ஓப்பன்பைஎக்செல் என்ற நூலகம் சூத்திரத்தை எழுதும், கணக்குப் பார்க்காது. ஆனால் சேர்வரில் ஆளில்லாமல் ஓடும் வேலை என்றால் நீங்கள் சொல்வதே சரி, அங்கே ஒபிஸை ஓட்ட வேண்டாம் என்று மைக்ரோசொப்டே சொல்கிறது.

திருநெல்வேலி: சரி, மலருக்கு வேர்ட், சேர்வருக்கு நூலகம்.

அவ்வளவுதான்.

சாவகச்சேரி: எனக்கும் மக்ரோ தடுக்குது.

சுன்னாகத்துக்குச் சொன்னதை வாசியுங்கள். பாதுகாப்பை நிறுத்தாதீர்கள்.

நல்லூர்: மக்கில் ஆப்பிள்ஸ்கிரிப்ட் -1743 என்று நிற்குது.

அனுமதி இல்லை. 2018இல் வந்த மொஹாவே என்ற மக் பதிப்பில் இருந்து, ஒரு செயலி இன்னொன்றை ஓட்ட நீங்கள் சம்மதிக்க வேண்டும். பிரைவசி பகுதியில் ஓட்டோமேஷனில் தேவையான ஒன்றை மட்டும் திறந்துவிடுங்கள்.

மானிப்பாய்: பிரிண்டர் கோடு கோடாக அடிக்குது.

திருத்துபவரிடம் காட்டுங்கள், என் துறை இல்லை.

கரவெட்டி: மக்ரோ வேலை செய்யுதில்லை அண்ணை.

சுன்னாகம்.

பருத்தித்துறை: புது அவுட்லுக் போட்டபின் எங்கள் பில் அனுப்பும் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது.

புது அவுட்லுக் காம் அழைப்பை ஏற்காது அக்கா. கிளாசிக் அவுட்லுக்கை வைத்திருங்கள், இல்லையென்றால் ஸ்கிரிப்டை மைக்ரோசொப்ட் கிராப் என்ற இணைய வழிக்கு மாற்றி எழுத வேண்டும். மாற்றினால் முதலில் உங்கள் சொந்த முகவரிக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள், வாடிக்கையாளர் பட்டியலை அதற்குப் பிறகு கொடுங்கள்.