ஸ்னேர் ஏன் கிணற்றுக்குள் விழுகிறது?

கேள்வி: எண்பதுகளின் பாப் பாணியில் வீட்டுக் கணினியில் ஒரு பாட்டு செய்துகொண்டிருக்கிறேன். லின் டிரம் மெஷினின் சாம்பிள்கள்தான், அதாவது பதிவுசெய்த ஒலித்துண்டுகள்தான், வைத்திருக்கிறேன். ஆனாலும் டிரம்ஸில் சுளீரென்று ஒலிக்கவேண்டிய ஸ்னேர் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஒலிக்கிறது. ரிவெர்ப்பை, அதாவது அறையின் எதிரொலியை, கூட்டினால் பாட்டே கிணற்றுக்குள் விழுந்துவிடுகிறது. என்ன வழி?

பதில்: ரிவெர்ப்பைக் குறைக்காதீர்கள், இன்னும் கூட்டுங்கள். கூட்டிவிட்டுப் பாதியிலேயே அறுத்துவிடுங்கள்.

இந்த வித்தை பெயர் பெற்றது லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில். பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கு (1980) பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தார். ஒலிப்பொறியாளர் ஹியூ பாட்கம். அங்கிருந்த எஸ்.எஸ்.எல். நிறுவனத்து மிக்ஸரோடு, வாசிப்பவர் பேசுவதைக் கேட்பதற்கென்றே ஒரு மைக் இணைந்திருந்தது. மெதுவான பேச்சும் காதில் விழவேண்டும் என்பதால் அதன் கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அடக்கி மெல்லியதை உயர்த்தும் கருவி) மிகக் கடுமையானது. அதன் வழியே டிரம்ஸ் கேட்டதும் அறையே வெடிப்பதுபோல் இருந்தது. அந்த ஒலியை நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் அடைத்துவிடும் கருவி) கொண்டு வெட்டினார்கள். சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லியிருந்ததும் நல்லதாயிற்று. சிம்பலின் நீண்ட இழுப்பு இருந்திருந்தால் வெட்டு இத்தனை சுத்தமாக விழுந்திருக்காது.

உங்கள் கணினியில் ரிவெர்ப்பைத் தனி சேனலில் வையுங்கள். அதில் மூல ஒலி துளியும் வேண்டாம். நீளம் இரண்டு விநாடி. அடுத்து கம்ப்ரஸர், கடைசியில் கேட். பலர் சறுக்குவது இங்கேதான். ரிவெர்ப்பின் ஒலியைக் கேட்டே கேட் திறந்து மூடினால், தேயும் வாலில் அது திக்கித் திணறும். ஆகவே சைட்செயினில் (எப்போது திறக்கவேண்டும் என்று கேட்டுக்குச் சொல்லும் உள்ளீட்டில்) ரிவெர்ப் இல்லாத ஸ்னேரைக் கொடுங்கள். கேட் எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதைப் பாட்டின் வேகம் சொல்லும். நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் 500 மில்லிவிநாடி. அதில் பாதி, 250, நல்ல தொடக்கம். மூடும் நேரம் 20 முதல் 40 மில்லிவிநாடி வரை போதும். இந்த வேலையே வேண்டாம் என்றால், ஏ.எம்.எஸ். ஆர்எம்எக்ஸ்16 ரிவெர்ப் கருவியின் 'நான்லின்' அமைப்பைப் போலச் செய்த மென்பொருள்கள் கிடைக்கின்றன. எனக்கென்னவோ கையால் வெட்டுவதுதான் பிடிக்கும்.

அட்டைப்பெட்டி ஒலிக்கு மருந்து வேறு. 1980-இல் வந்த லின் எல்எம்-1, அசல் டிரம்ஸின் டிஜிட்டல் பதிவுகளைக் கொண்ட முதல் டிரம் மெஷின். அதில் ஒலிகளின் சுருதியைத் தனித்தனியே திருகி மாற்றலாம். பாடகர் பிரின்ஸின் டிரம்ஸ் விசித்திரமாக ஒலிப்பதற்கு இந்தத் திருகல் ஒரு முக்கியக் காரணம். பழைய இயந்திரத்தில் சுருதி இறங்கினால் ஒலியும் நீளும், சற்றுக் கரகரக்கும். நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் இறக்கும் இன்றைய வசதியை அணைத்துவிட்டு, ஸ்னேரை இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கிப் பாருங்கள். அல்லது, அதை ஸ்பீக்கரில் சத்தமாக ஒலிக்கவிட்டு மாடிப்படியில் மைக் வைத்துப் பதிவுசெய்யுங்கள். அண்டை வீட்டார் தூங்காத நேரமாகப் பார்த்து.

ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) முடிந்தால் கையால் வாசித்துச் சேருங்கள். கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) இந்த ரிவெர்ப் வேண்டாம்; பேஸ் கிதார் இருக்கவேண்டிய இடத்தை அது தின்றுவிடும். கேட் நேரத்தை ஸ்னேரைத் தனியாகக் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். தனியாகக் கேட்கும்போது அபத்தமாக அறுபடும் வால், பாடகர் குரலோடு சேரும்போது பெரும்பாலும் சரியான அளவாகவே இருக்கும்.